பாட்டில் கழுவிய தண்ணீர்

ஜனவரி 18

சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் நல்லசிவம் போன் எடுக்கவில்லை. சத்தீஸ்கரில் ஏதோ ஒரு மூலையில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார், அந்த ரிக் வண்டிச் சத்தத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. பையன் நாமக்கல் ஹாஸ்டலில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைதான் பேச விடுவார்கள். ஆகவே உரக்கடையில் போன வருடம் கொடுத்த டைரியை எடுத்துத் தேதியைத் திருத்தி எழுத உட்கார்ந்துவிட்டேன். கருணாம்பிகை எழுதுவது. பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள், கிண்டல் செய்ய வேண்டாம்.

விஷயம் இதுதான். சர்க்கரை ஆலையில் கரும்பு விவசாயிகளுக்கு இரண்டு நாள் பயிற்சி. நாற்பது பேரில் பெண் நான் ஒருத்திதான். முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பீல்டுமேன் திருமூர்த்தி பாடம் எடுத்தார். சின்ன வயது, நல்ல பையன், ஆனால் பலகையைப் பார்த்தேதான் பேசுவார். பாக்டீரியா என்றால் காய்ச்சல் கொடுக்கும், ஊசி போட்டுக் கொல்ல வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நல்ல பாக்டீரியாவும் இருக்கிறதாம்! கரும்புக்குள்ளேயே குடியிருக்குமாம். காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்துக் கரும்புக்கு ஊட்டுமாம். கரும்பு பதிலுக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுக்குமாம். அதன் பெயர் கூட்ஸ் வண்டி மாதிரி நீளம். 'குளுக்கோ' என்று தொடங்கும், அப்புறம் பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும். நான் குளுக்கோ என்றே கூப்பிடப் போகிறேன்.

இன்று மத்தியானம் திருமூர்த்தி பலகையில் 'தண்ணீர்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அப்போது பார்த்து என் போன் அடித்தது. வெளியே ஓடினேன். சூளைக்காரர் குழந்தைவேல்.

"அம்மிணி, நல்லசிவம் செரின்னு சொல்லிட்டாப்லீங். கரும்பு வெட்டியாச்சல்லங்? தை முடியறதுக்குள்ள பொக்லைனக் கொண்டாந்தர்றேன். மூணடிதானுங், அதுக்கு மேல ஒரு கூடை எடுக்க மாட்டேன்."

வடக்குத் தோட்டத்து மண்ணை எடுத்துச் செங்கல் அறுக்கப் போகிறார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் மணி நேரம் வெளியிலேயே நின்றேன். திரும்பிப் போவதற்குள் தண்ணீர்ப் பாடம் முடிந்து டீ வந்துவிட்டது. போகட்டும். இருபது வருடமாக மாவு கரைக்கிறேன், மோர் கரைக்கிறேன். ஒரு பாட்டில் மருந்தைத் தண்ணீரில் கரைக்க எனக்குப் பாடம் வேண்டுமா?

ஆறு பாட்டில் குளுக்கோ கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

ஜனவரி 19

அவர் போன் செய்தார். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அந்த மண்ணு செத்துப் போச்சு கருணா. அஞ்சு வருசமா மூட்டை மூட்டையா யூரியா கொட்டறோம், கரும்பு மஞ்சக்காமாலை வந்தவனாட்ட நிக்குது. செத்ததக் கட்டிட்டு அழுவாத. எடுத்துட்டுப் போகட்டும்."

"பக்கத்துத் தோட்டத்தப் பாத்தீங்களா மாமா? மூணடி எடுத்தவங்கதான் அவங்களும். மழை பேஞ்சாக் குட்டை, வெயிலடிச்சாப் பாளம் பாளமா வெடிப்பு. அதுல ஒரு எருக்கஞ்செடி கூட மொளைக்கல."

பின்னால் ரிக் சத்தம். நான் விடாமல் குளுக்கோ கதையைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். கடைசியில் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி வென்ற மாதிரி.

பேசி முடித்தது இப்படி. வடக்குத் தோட்டம் அறுபது சென்ட். பாதியில் குளுக்கோவில் முக்கி எடுத்த கரணை, அதாவது நடவுக்கு வெட்டிய கரும்புத் துண்டு; பாதியில் வெறும் தண்ணீரில் முக்கி எடுத்த கரணை. யூரியா எந்தப் பக்கமும் கிடையாது. நூற்றிருபதாம் நாள் அவர் லீவில் வந்து தூர் எண்ணுவார். ஒரு கரணையிலிருந்து எத்தனை முளை பக்கத்தில் பக்கத்தில் வெடித்துக் கிளம்புகிறதோ அதுதான் தூர். அதில் யாரும் ஏமாற்ற முடியாது. குளுக்கோ போட்ட பாதியில் கூடுதலாக இருந்தால் மண் எங்களுடையது. இல்லாவிட்டால் குழந்தைவேலுக்கு.

நான் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 21

காலையிலிருந்து தண்ணீர் சுமந்து இடுப்பு விட்டுப்போச்சு. வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக வருகிறது, எருமை குளிக்கிறது, என்னென்னவோ மிதக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. உயிருள்ள ஜீவன் ஆயிற்றே, அதிலா விடுவது? பஞ்சாயத்துக் குழாயில் ஆற்றுக் குடிதண்ணீர் வந்தது. பதினெட்டுக் குடம் பிடித்து எம்.எய்ட்டி வண்டியில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் நீல டிரம்மை நிரப்பினேன். ஊரில் காய்ச்சல் பரவுகிறது என்று டேங்க்கை இன்றுதான் கழுவி மருந்து போட்டார்களாம். ஆஸ்பத்திரி மாதிரி அப்படி ஒரு சுத்தமான வாசம். என் குளுக்கோ கொடுத்து வைத்தது.

ஜனவரி 22

நட்டாயிற்று! பாதிதான், ஆனாலும் நட்டாயிற்று!

விடிந்ததும் நீல டிரம்மில் ஆறு பாட்டிலையும் ஊற்றினேன். தவிட்டு நிறத்தில் இருந்தது. திருமூர்த்தி சொன்னபடி வெல்லம் கரைத்து விட்டேன், பசியோடு வேலைக்கு அனுப்பக் கூடாதில்லையா. கரணைகளை அரை மணி நேரம் முக்கி எடுத்துக் கிழக்குப் பாதி முழுக்க நட்டோம். மேற்குப் பாதிக்கு வைத்திருந்த கரணைகளைக் கறுப்பு டிரம்மில் போட்டு வாய்க்கால் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அது வெறும் தண்ணீர், எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன.

எங்கள் தோட்டத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்கிற மாராத்தாக்கா காலி பாட்டில்களை வீட்டுக்குக் கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாராத்தாக்காவுக்கு எதுவும் வீணாகக் கூடாது. எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்து ஒரு நாள் காத்திருந்து கடைசிச் சொட்டைத் தலையில் தேய்த்துக்கொள்கிறவள். வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து ஆறு பாட்டிலையும் குலுக்கிக் குலுக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். வரப்பில் வைத்திருந்த மிச்ச வெல்லம் ஒரு பெரிய உருண்டையைக் காணோம். நாய் தின்றிருக்கும்.

மத்தியானம் நடவு ஆட்கள் பாதிப் பேர், உறவில் ஒரு சாவு என்று போய்விட்டார்கள். மேற்குப் பாதி நாளைக்கு. கரணை டிரம்மிலேயே ஊறட்டும்.

கிழக்குப் பாதியில் மூங்கில் குச்சியில் என் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கொடியாகக் கட்டி நட்டேன். மேற்கில் அவருடைய பழைய வேட்டிக் கிழிசல், வெள்ளை. சிவப்புக் கொடிக்குப் பக்கத்தில் நின்று, மோட்டார் ரூம் தெரிகிற மாதிரி மாராத்தாக்காவை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி அவருக்கு அனுப்பினேன். என் தலை பாதி வெட்டுப்பட்டுவிட்டது. கொடி நன்றாக விழுந்திருக்கிறது.

ஜனவரி 23

மேற்குப் பாதியும் முடிந்தது. கறுப்பு டிரம்மைத் திறந்தால் ஒரே நுரை! புளித்த வாடை வேறு. டிரம்மை ஒழுங்காகக் கழுவவில்லையா என்று மாராத்தாக்காவைத் திட்டினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் விடவில்லை. அந்தத் தண்ணீரையும் கொட்ட மனசில்லாமல் நட்ட வரிசையிலேயே குடம் குடமாக ஊற்றிவிட்டு வந்தாள். அவள் குணம் அப்படி.

பிப்ரவரி 10

முளை! முளை! முளை!

பிப்ரவரி 13

மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று அரை மணி நேரம் குளுக்கோவைப் பற்றிப் பேசினேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருத்தி மட்டும் 'அது கடிக்குமாக்கா?' என்று கேட்டாள். 'உன்னைக் கடிக்காது, பயப்படாதே' என்றேன். வடக்குத் தோட்டத்தைப் பார்க்க மாசி கடைசியில் எல்லோரையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 4

களை எடுத்தோம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரம். மேற்குப் பக்கம் கொஞ்சம் கரும்பச்சையாகத் தெரிகிறது. சாயங்கால வெயில் அந்தப் பக்கம் விழுவதால் இருக்கும்.

மார்ச் 5

காலையில் போய்ப் பார்த்தேன். காலை வெயிலிலும் அப்படித்தான் தெரிகிறது.

மார்ச் 19

மேற்குப் பக்கம்தான் வாய்க்கால் மடை. முதல் தண்ணீர் அங்கேதான் பாய்கிறது. அதனால்தான். இனிமேல் கிழக்குக்கு முதலில் திருப்பப் போகிறேன். குழு ஆட்களிடம் வெயில் தணியட்டும், அப்புறம் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனில் கேட்டார்: "உன்ற குளுக்கோ எப்படி இருக்குது?"

"அருமையா இருக்குதுங் மாமா."

தோட்டத்தில் ஒரு பாதி அருமையாகத்தான் இருக்கிறது. பொய் இல்லை.

ஏப்ரல் 9

எண்ணிப் பார்த்தேன். கிழக்கில் ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு. மேற்கில் எட்டு, ஒன்பது, பத்து. ஒரு தூரில் பத்து! இந்தத் தோட்டத்தில் நான் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து பத்து பார்த்ததில்லை. இலை என்ன அகலம், என்ன பச்சை. கையை விட்டு விலக்கினால் தோகை கிழித்து ரத்தம் வருகிறது, அவ்வளவு முறுக்கு. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. உட்கார்ந்து அழுதேன்.

என் குளுக்கோ என்னை ஏமாற்றிவிட்டது. அது கரும்புக்குச் சோறு ஊட்டவில்லை, கரும்பின் சோற்றைத் தின்றிருக்கிறது. திருமூர்த்திக்குப் போன் செய்து நாலு வாங்கு வாங்கலாம் என்று எடுத்தேன். வைத்துவிட்டேன். முதல் வரிசையில் உட்கார்ந்தவள் இல்லையா, வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 27

குழந்தைவேல் வந்து வரப்பில் நடந்து டேப் வைத்து அளந்தார். வடகிழக்கு மூலையில் சுண்ணாம்பில் கோடு போட்டார். பொக்லைன் இறங்குகிற வழியாம். "சும்மா ஒரு அடையாளத்துக்குத்தானுங் அம்மிணி" என்றார். அவர் போனதும் காலால் அழித்தேன். மண் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. திண்ணென்று, ஈரமாக, கறுப்பாக. ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தேன். செத்ததற்கு இந்த வாசம் வருமா?

மே 6

நேற்று கோடை மழை. காற்றென்றால் காற்று, மோட்டார் ரூம் தகரம் பறந்துவிட்டது. இரண்டு கொடியும் விழுந்து கிடந்தன. எடுத்துத் துடைத்து நட்டு வைத்தேன்.

மாராத்தாக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எதிர்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அம்மிணி, செகப்பு அக்கட்டயல்லங் இருந்துது?"

"உனக்குக் கண்ணு தெரியறதில்ல மாராத்தாக்கா. பெரியாஸ்பத்திரிக்குப் போயிக் காட்டு."

மத்தியானம் அவளுக்குக் காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை அதிகம் போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டுக் களை வெட்டப் போனாள்.

மே 7

எழுத ஒன்றுமில்லை.

மே 20

அவர் வந்துவிட்டார். கறுத்து, இளைத்து, தலையெல்லாம் சத்தீஸ்கர் புழுதி. வந்ததும் வடக்குத் தோட்டத்துக்குக் கிளம்பினார். நான் விடவில்லை. பேசியது நூற்றிருபதாம் நாள், நாளை மறுநாள்தான், அதற்கு முன்னால் பார்க்கக் கூடாது என்றேன். 'செரிங்க மேடம்' என்று கும்பிட்டார். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மே 22

நூற்றிருபது.

குழந்தைவேலும் வந்திருந்தார். கூடவே பொக்லைன் டிரைவரும் வந்து ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்துவிட்டார், குழந்தைவேல்தான் எண்ணினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிறு கல்லை எறிவார், கல் விழுகிற இடத்துத் தூரை எண்ணுவார். அந்தப் பாதியில் பத்து இடம், இந்தப் பாதியில் பத்து இடம். நேர்மையான மனுஷன்தான், அதைச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக் கொடிப் பாதியில் சராசரி ஆறு. சிவப்புக் கொடிப் பாதியில் பதினொன்று.

"அடேயப்பா" என்றார் குழந்தைவேல். அவர் வாயிலிருந்தே தானாக வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் மோட்டார் ரூம் பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை வேட்டியில் துடைத்து மறுபடி பார்த்தார். ஏதோ மெசேஜ். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டுக் கரும்புக்குள் இறங்கினார். தோகைக்குள் ஆளே தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தார், கையில் ஒரு பிடி மண்.

"சிகப்புத்தான் செயிச்சிருக்குது" என்றார். "மண்ணு குடுக்கறதா இல்லீங் குழந்தைவேலு. தப்பா நெனைச்சுக்காதீங்."

பொக்லைன் திரும்பிப் போயிற்று. ரோட்டு வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தேன். குதித்திருக்க வேண்டும்.

பாயசம் வைத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார். நான் குடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சர்க்கரையே போடவில்லை.

மே 23

எங்கே தொடங்குவது! பேனா ஓட மாட்டேன் என்கிறது, அவ்வளவு வேகமாக வருகிறது மனசு.

பத்து மணிக்குத் திருமூர்த்தி பைக்கில் வந்து இறங்கினார். குழந்தைவேல் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். தோட்டத்தைப் பார்த்ததும் திருமூர்த்திக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஒரு தூரைப் பிடுங்கி வேரை முகர்ந்தார், பிளந்தார், போட்டோ எடுத்தார். பாடம் எடுக்கும்போது பலகையைப் பார்த்தவர் இன்று என்னையே பார்த்துப் பேசினார்.

"அக்கா, நாலு வருசமாக் குடுக்கறேன், இப்படி ஒரு தோட்டம் பாத்ததில்ல. எப்படிக் கலந்தீங்க? ஒன்னு விடாமச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

எனக்கும் ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோய்ப் பெருமை வந்துவிட்டது. பதினெட்டுக் குடத்தைச் சொன்னேன். நல்ல ஆற்றுக் குடிதண்ணீர், அன்றைக்குத்தான் டேங்க் கழுவி மருந்து போட்டது என்று சொன்னேன்.

திருமூர்த்தி எழுதுவதை நிறுத்தினார். "பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணியிலயாங்க்கா?"

"ஆமா. சுத்தமா இருக்கோணுமல்ல?"

"ஐயோ அக்கா! பாக்டீரியாவக் கொல்லறதுக்குத்தானுங்க அதைப் போடறதே! போர்டுல ரெண்டு கோடு போட்டுச் சொன்னேனேங்க! ஊத்துன அஞ்சு நிமிசத்துல பூராவும் செத்திருக்குமுங்க."

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நான் கொன்றேனா? மடியில் வைத்துக்கொண்டு வந்ததை, வெல்லம் கரைத்துக் கொடுத்து, என் கையால் கொன்றேனா? ஒன்றரை மாதமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தேனே.

"அப்பறம் எப்படிங்க்கா இது இப்படி வந்துது?" திருமூர்த்தி தலையைச் சொறிந்தார்.

மாராத்தாக்கா கொஞ்சம் தள்ளி அரிவாளோடு நின்றிருந்தாள். "நானொன்னு சொன்னா வைவீங்களாங்?" என்றாள்.

"சொல்லு."

"அன்னிக்குப் பாட்டில் கழுவுனனல்லங். அடியில சேறாட்டம் கெட்டியா ஒட்டிட்டு இருந்துது. அம்மிணி அத்தனை ஆசையா வாங்கியாந்தது, வாய்க்காலோட போவோணுமான்னு, கழுவுன தண்ணியக் கொண்டுபோயிக் கறுப்பு டிரம்முல ஊத்திப்போட்டனுங். அந்த வெல்லத்தையும் போட்டனுங், எறும்பு மொய்க்குதேன்னு. மக்யா நாள் நொரை நொரையா வந்துருச்சு. அம்மிணி வைதீங்க. நான் சொல்லலாம்னு பாத்தேன், நீங்க உடுலீங். அந்தத் தண்ணியையும் நட்ட வரிசையிலயே ஊத்திப்போட்டனுங்."

திருமூர்த்தி கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது. அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், பக்கத்துத் தோட்டத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

"வாய்க்கால் தண்ணியில மருந்து கிடையாது. திங்க வெல்லம், ஊற ஒரு ராத்திரி முழுக்க! ஒன்னு ரெண்டாயி, ரெண்டு நாலாயி, டிரம்மு பூராப் பெருகியிருக்குதுங்க்கா! கரணையும் அதுக்குள்ளயே கெடந்திருக்குது! நீங்க வரிசையில ஊத்துனீங்களே ஆயா, அந்தத் தண்ணி, அதுலயும் கோடிக் கணக்குல இருந்திருக்கும். ஆயா, நீங்க ஆலைக்கு வந்து எனக்குப் பாடம் எடுங்க!"

"நான் ஒன்னும் ஆயா இல்ல" என்றாள் மாராத்தாக்கா. "அம்பத்திமூணுதான் ஆவுது."

கறுப்பு டிரம். மேற்குப் பாதி. இப்போது சிவப்புக் கொடி நிற்கிற பாதி.

இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். மே ஆறாம் தேதி கொடியை மாற்றி நட்டேன். தெரிந்தே நட்டேன். தோற்றுவிட்டேன் என்று நினைத்து, மண் போய்விடும் என்ற பயத்தில், கட்டினவரை ஏமாற்றப் பார்த்தேன். அந்தப் பொய்க் கொடி இப்போது பார்த்தால் சரியான இடத்தில் நிற்கிறது! குளுக்கோ உயிரோடு இருந்த பக்கம் அதுதான்! மேற்கில் தழைத்து நின்றது முழுக்க என் குளுக்கோவின் வேலை!

வீட்டுக்கு ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், முப்பத்தொன்பது வயதில். அவர் மாட்டுக்குத் தீவனம் வெட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க பாட்டில், வெல்லம், டிரம், நுரை எல்லாவற்றையும் கொட்டினேன். 'அப்ப மேக்குப் பக்கந்தானுங் மாமா நெசமாலுமே' என்று சொல்லும்போதுதான் உறைத்தது. மேற்கு என்று சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து நீட்டினார். என் பாதித் தலை. பக்கத்தில் சிவப்புக் கொடி. பின்னால் மோட்டார் ரூம். ஜனவரி 22.

"மோட்டார் ரூமு கெழக்கால இருக்குது" என்றார். "நாலு மாசமாத் தெனமும் இதைத்தான் பாத்துட்டுக் கெடந்தேன். போனவொடனே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா? பின்ன எதுக்குங் சிகப்பு செயிச்சுதுன்னு சொன்னீங்க?"

"உள்ள எறங்கிப் பாத்தேன் கருணா. செத்த மண்ணுலயா பதினொரு தூரு வெடிக்கும்? எந்தப் பக்கம் வெடிச்சா என்ன, நம்ம மண்ணுலதான வெடிச்சிருக்குது. செத்துப்போச்சுன்னு நான் சொன்னதுதான் தப்பு. அதைக் குழந்தைவேலு முன்னால எப்படிச் சொல்றது? உன்ற கொடி தோதா நின்னுது, அதைச் சொல்லிட்டேன்." போனைப் பையில் போட்டார். "ஆனா எங்கிட்ட மறைக்கோணும்னு உனக்குத் தோணுச்சு பாரு, அதுதான் நேத்துப் பாயசம் எறங்கல."

"பாயசத்துல சக்கரை இல்லீங் மாமா."

"அதுவுந்தான்" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இனி உங்களிடம் மறைக்க மாட்டேன் என்றேன். அவர் தீவனக் கட்டிலிருந்து பாதியை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் வெட்டினோம்.

ஜூன் 3

தெற்குத் தோட்டத்தில் தனிப் பட்டம், அதாவது ஜூன் மாதக் கரும்பு நடவு. இதற்காக அவர் லீவை நீட்டித்துவிட்டார். திருமூர்த்தி புதிதாகப் பத்து பாட்டில் கொண்டுவந்தார், கூடவே தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு முழுத் தாள் எழுதி, என் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். அடியில் இரண்டு கோடு இருந்தது.

வாய்க்கால் தண்ணீரை அவரே சுமந்தார். டிரம்முக்குப் பொறுப்பு மாராத்தாக்கா. யாரையும் கிட்டே விடவில்லை, என்னையும்தான். நேற்றுச் சாயங்காலம் வெல்லம் போட்டு மூடியவள், இன்று விடிந்ததும் திறந்து பார்த்துவிட்டு 'நொரை வந்துருச்சுங்!' என்று போட்ட சத்தத்தில் மகளிர் குழு முழுக்கக் கூடிவிட்டது. கடிக்குமா என்று கேட்டவள் கையை விட்டே பார்த்தாள்.

மறுபடியும் பாதிப் பாதிதான். எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

நட்டு முடித்ததும் அவர் இரண்டு குச்சியையும் தூக்கிக்கொண்டு வந்து, முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "கொடி எங்கீங் மேடம் நடறது?" என்று கேட்டார். மாராத்தாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

சிவப்பு தெற்கே, கிணற்றுப் பக்கம். வெள்ளை வடக்கே, வேம்புப் பக்கம். சிவப்பில் குளுக்கோ, வெள்ளையில் வெறும் தண்ணீர். நட்டது அவர், பார்த்தது மாராத்தாக்கா, எழுதுவது கருணாம்பிகை. காற்றடித்து விழுந்தால் இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நட வேண்டும்.